நடக்க விடாத ஊர்

எங்கள் ஊரில் ஒரு மனுஷி சும்மா நடக்க முடியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். இருபத்தேழு வருஷமாக இந்தக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டுகிறேன். வெறுங்கையோடு நடந்துபோன ஒருத்தரைக்கூட நான் ஏற்றாமல் விட்டதில்லை. விட்டால் மனசு உறுத்தும். எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நடப்பவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்து, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் சாப்பாடு போடு. இந்த நல்ல குணம்தான் என் அண்ணன் ஃபெரெட்டியைக் கொன்றது. அண்ணி லெபெகாவையும் கொன்றிருக்கும், அவள் மட்டும் அத்தனை பொல்லாதவளாக இல்லாதிருந்தால்.

அண்ணனுக்குச் சர்க்கரை. முதலில் காலில் இரண்டு விரல் போனது. பிறகு அந்தக் கால், பிறகு அடுத்த கால். ஒவ்வொன்றாகப் போகப் போக ஊருக்கு அவன்மேல் பாசம் கூடிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நாற்காலியோடு தூக்கிப்போக நாலு பேர் தயாராக நிற்பார்கள். வீட்டுக்கு வீடு தட்டு வரும். நோயாளிக்கு அனுப்புவது மட்டமாக இருக்கக்கூடாதென்று எல்லாம் கொழுப்பாகவே வரும். தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, டின் மாட்டிறைச்சி, எண்ணெய் சொட்டச் சொட்ட வான்கோழி வால். அண்ணி இரண்டு மூன்று தட்டுகளைத் திருப்பி அனுப்பினாள். "வந்தவளுக்குத் திமிரைப் பாத்தியா" என்று பேசினார்கள். அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சவாய் தீவுக்காரி. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் அவள் வந்தவள்தான். புருஷன் ஊரில் வந்தவளுக்கு வாய் கிடையாது, வேலை மட்டும் உண்டு.

அண்ணனின் மகன் பௌலோ வெளிநாட்டில், ஆக்லாந்தில் இருக்கிறான். அப்பாவுக்குக் கால் போன விஷயமே அவனுக்குத் தெரியாது. "கால் கொஞ்சம் வலிக்குது" என்று போனில் சொல்லியே அண்ணன் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். பையன் கவலைப்பட்டு, தினமும் நடக்கச் சொல்லி, விலையுயர்ந்த ஓட்டக் காலணி ஒரு ஜோடி வாங்கி அனுப்பினான். பார்சல் வந்து சேர்ந்தபோது இரண்டாவது காலையும் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணனைப் புதைத்து ஒரு வருஷம் கழித்து, அண்ணியைப் பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்கு என் பஸ்ஸில் அழைத்துப்போனேன். கொஞ்ச நாளாக அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. அங்கே நர்ஸ் வாயோலா ரத்தம் எடுத்துப் பார்த்தாள். பிறகு அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டாள். தொடும்போதெல்லாம் அண்ணி "ம்" சொல்ல வேண்டும். இடது காலின் கடைசி இரண்டு விரல்களைத் தொட்டபோது அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் மறுபடி தொட்டாள். அப்போதும் இல்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணனுக்கும் அந்த இரண்டு விரலில்தான் ஆரம்பித்தது.

"புண்ணு இன்னும் வரல. வர்றதுக்கு முந்தி சர்க்கரை இறங்கணும். சாப்பாட்டைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, தினம் ஒரு மணி நேரம் நடங்க. வெறுங்கால்ல கூடாது, நல்ல காலணி போட்டுக்கங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கு அறுபத்திரண்டு வயசு. இந்த வயசுல போய் உடற்பயிற்சியா?"

"தொண்ணூறு வயசுலயும் ஆரம்பிக்கலாம்மா. வெட்டின காலை வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்க முடியாது."

 வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தக் காலணிப் பெட்டியை எடுத்தாள். அண்ணனுக்கு வந்த காலணி அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்குப் பெரிய கால்.

அடுத்த நாள் காலை, இடுப்பில் சுற்றும் லாவாலாவாத் துணியைக் கணுக்கால் வரை கட்டி, கீழே பளீரென்று பச்சைக் காலணியோடு அண்ணி சாலையில் இறங்கினாள். முதல் வீட்டைத் தாண்டவில்லை.

"எங்க போறே லெபெகா?" ஈவாவின் குரல். எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. உள்ளே இருப்பவருக்குச் சாலை முழுக்கத் தெரியும்.

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? வீட்ல சண்டையா?"

"சண்டை ஒண்ணுமில்ல."

"அப்ப வா, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. கோக்கோ சூடா இருக்கு."

கூப்பிட்டால் போக வேண்டும். போகாவிட்டால் அவமானப்படுத்திய மாதிரி. அண்ணி போய் உட்கார்ந்தாள். சர்க்கரையை அள்ளிக் கொட்டிய கோக்கோ ஒரு கிண்ணம், தேங்காய்ப்பாலில் ஊறிய பன் இரண்டு. எழுந்து நூறு அடி போனாள். அடுத்த வீட்டில் சேப்பங்கிழங்கு. அதற்கடுத்த வீட்டில், உடம்பு சரியில்லாமல்தான் இப்படி அலைகிறாள் என்று முடிவுகட்டி, இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து விசிறினார்கள். அதிலிருந்து தப்பித்து வந்தால் எதிரே நான். பஸ்ஸை நிறுத்தினேன்.

"ஏறுங்க அண்ணி."

"போடா. நான் நடக்கறேன்."

"ஊர் பாக்குது அண்ணி. அண்ணன் பொண்டாட்டியை ரோட்ல விட்டுட்டுப் போறான்னு சொல்வாங்க. ஏறுங்க."

"உன் பஸ்ஸை நீயே தூக்கித் தலையில வெச்சுக்கோ. போன்னா போ!"

பயணிகள் சும்மா இருப்பார்களா? இரண்டு பேர் இறங்கி அவளைச் செல்லமாகத் தள்ளி ஏற்றினார்கள். ஒரு தடியன் எழுந்து இடம் கொடுத்தான். அண்ணி வீடுவரை என் பிடரியையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

இது மூன்று வாரம் நடந்தது. தினமும் கிளம்புவாள், தினமும் யாராவது பிடித்துத் தின்னவைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். மூன்று வாரம் கழித்து நர்ஸ் எடை பார்த்தாள். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"நடக்கச் சொன்னேனே?"

"நடந்துதான் கூடியிருக்கு!" என்று அண்ணி கத்திய கத்தலில் அங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை விழித்து அழுதது.  திரும்பி வரும்போது, பஸ் ஊருக்குள் நுழைகையில் மெல்லக் கேட்டாள். "இந்த ஊர்ல என்னை யாரும் கூப்பிடாத நேரம் எது தெரியுமா இயோனா?"

எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் தடுத்திருப்பேன்.

மாலை ஆறரைக்குச் சங்கு ஊதினால் எங்கள் ஊர் அடங்கிவிடும். குடும்பம் குடும்பமாகத் தலைகுனிந்து ஜெபம். அந்த இருபது நிமிஷம் சாலையில் ஒரு ஈ காக்கா கூடாது. ஊர் எல்லையில் வண்டிகள் நின்றுவிடும். காவலுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மீறினால் குடும்பத் தலைவர்கள் கூடும் ஊர்ச் சபை தண்டிக்கும். என் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வழக்கம், இதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது.

அன்றைக்குக் கடைசி நடையில் நான் எல்லைக்கு வரும்போது சங்கு ஊதிவிட்டது. என்ஜினை அணைத்தேன். பயணிகள் கண்ணை மூடினார்கள். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கண்ணை மூடமாட்டேன், தொழில் அப்படி. அதனால் பார்த்தேன். வெறிச்சோடிக் கிடந்த சாலையின் நடுவில் அண்ணி வந்துகொண்டிருந்தாள். கையை வீசி வீசி, நெஞ்சை நிமிர்த்தி, பச்சைக் காலணி தரையில் பட்டுப் பட்டு எழ, ஒரு வீடும் கூப்பிடாமல், ஒரு வண்டியும் நிற்காமல் நடந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அது நாலாவது நாள் என்று பிறகு தெரிந்தது. மூன்று நாளாக இருட்டு மறைப்பில் தப்பித்திருக்கிறாள். அன்று காவலுக்கு இருந்தவன் பார்த்துவிட்டான்.

சனிக்கிழமை சபை கூடியது. எங்கள் குடும்பத்தின் சார்பாக நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அண்ணி வெளியே, கூரை நிழலுக்கும் அப்பால், வெயிலில் நின்றாள். பேசவேண்டியது நான். நானோ பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

தலைவர் லேவாசா ஈவிரக்கம் இல்லாதவர் கிடையாது. அண்ணனின் நாற்காலியைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். அன்று மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்.

"கடவுளுக்குக் குடுத்த இருபது நிமிஷம். அதுல போய் உலா வந்திருக்கே."

"உலா இல்லைங்கய்யா. நானும் ஜெபம்தான் பண்ணிக்கிட்டு நடந்தேன். காலு ரெண்டும் இருக்கணும்னு."

"ஏன், மத்த நேரத்துல நடக்கக்கூடாதா? யாரு தடுத்தா?"

இந்தக் கேள்விதான் வினையாகிவிட்டது.

"யாரு தடுத்தீங்களா? எல்லாரும்தான் தடுத்தீங்க! ரோட்ல கால் வெச்சா கோக்கோ குடுக்கறீங்க, பன்னு குடுக்கறீங்க, வண்டியில ஏத்தறீங்க. என் புருஷனைத் தூக்க இந்த ஊர்ல எப்பவும் நாலு பேர் இருந்தீங்க. சர்ச்சுக்குத் தூக்கினீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினீங்க, கடைசியில குழிக்குத் தூக்கினீங்க. அவர் நடக்கற காலத்துல ஒருத்தராவது அவரை நடக்க விட்டீங்களா? நாளைக்கு எனக்குக் கால் போனா என்னையும் தூக்க ஓடி வருவீங்க, தெரியும். அழுவீங்க, பாடுவீங்க. தூக்க வர்றவங்களுக்கு ஏன் நடக்க விடத் தெரியல?"

 வந்தவள் ஒருத்தி சபையை நோக்கி இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. லேவாசாவின் காது சிவந்துவிட்டது. நான் அவசர அவசரமாக வாயைத் திறந்தேன். "ஐயா, எங்க வீட்டுப் பன்னி ஒண்ணு அபராதமா குடுத்திடறோம்."

"குடுக்காதே!" என்று வெளியிலிருந்து அண்ணி கத்தினாள். "அதையும் நீங்கதானே உக்காந்து தின்னப்போறீங்க!"

லேவாசா பொறுமை இழந்தார். எங்கள் சபை வீட்டுத் தரையில் கூழாங்கற்கள் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து உட்காருவோம். பழைய கற்கள் மண்ணுக்குள் புதைந்து தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அவர் பாயை விலக்கித் தரையைக் காட்டினார். "பன்னி வேண்டாம். இந்தத் தரைக்குப் புதுசா கல்லு போடு. முழுத் தரைக்கும். அதான் தண்டனை."

எங்கள் வீட்டு ஆட்கள் பிக்கப் வண்டியில் அள்ளிவந்து சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணி கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள். நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"போடறேன். ஆனா தப்புப் பண்ணது நான். வேற யாரு கையும் கல்லுமேல படக்கூடாது. சபையே அப்படிச் சொல்லிடுங்க."

"சரி, அப்படியே ஆகட்டும்" என்று லேவாசா சொல்லிவிட்டார்.

நல்ல உருண்டைக் கற்கள் கிடைப்பது ஊரின் மறுகோடியில், ஆறு கடலில் சேரும் இடத்தில்தான். சபை வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். திங்கட்கிழமை காலை அண்ணி தென்னோலைக் கூடை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, பச்சைக் காலணியோடு கிளம்பினாள். ஈவா பழக்கதோஷத்தில் "எங்க போறே?" என்று ஆரம்பித்தாள்.

"தண்டனைக்கு" என்றாள் அண்ணி.

ஈவா வாயை மூடிக்கொண்டாள். தண்டனையைச் சுமந்து போகிறவரை எங்கள் ஊரில் யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் சபையை எதிர்த்த மாதிரி. வண்டியில் ஏற்றக்கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. அவர் கூச்சப்படுவாரே என்று முகத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும். வீடு வீடாக எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவில் அண்ணி ராணி மாதிரி நடந்துபோனாள்.

முதல் வாரம் கால் கூடைக் கல்லைத் தூக்கவே நாலு இடத்தில் நின்றாள். மூச்சு இரைத்தது. முட்டி வீங்கியது.  என் பஸ் அவளைத் தாண்டும்போது ஹாரன்கூட அடிக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். ஒரு மாதத்தில் அரைக் கூடையாயிற்று. காலையில் ஒரு நடை, வெயில் தாழ்ந்து ஒரு நடை, சங்கு ஊதுமுன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை லீவு. கல்லைக் கொட்டுவாள், முட்டி போட்டுக் கையால் சமன் செய்வாள், எழுவாள். முன்பு தரையிலிருந்து எழ தூணைப் பிடித்துக்கொள்வாள். மூன்றாம் மாதம் பிடிக்காமல் எழுந்ததை நானே பார்த்தேன். அவளை எப்போதும் குரைத்துத் துரத்தும் பாதிரியார் வீட்டு நாய்கூட அவள் நடையைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தது.

ஐந்தாம் மாதம் நர்ஸ் வாயோலா ரத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை பார்த்தாள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. எடை எட்டுக் கிலோ குறைந்திருந்தது. நைலான் இழையை எடுத்துத் தொட்டாள். அந்த இரண்டு விரல் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்கடுத்த மூன்றாவது விரல் முன்போலவே தெளிவாக "ம்" சொன்னது.

"மரத்துப்போனது மேல பரவல. அதுதான் முக்கியம். நிறுத்திடாதீங்க அம்மா. நிறுத்தினா எல்லாம் பழையபடி ஏறிடும்."

நானும் சந்தோஷத்தில் துள்ளினேன். அண்ணி துள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது சொன்னாள், "தரையில இன்னும் ஒரு மூலைதான்டா பாக்கி." எனக்கு உறைத்தது, ஆனால் உறைக்க வேண்டிய அளவுக்கு உறைக்கவில்லை. தரை முடிந்தால் தண்டனை முடியும். தண்டனை முடிந்தால் மறுநாள் காலை கோக்கோ சூடாகக் காத்திருக்கும். அந்த ஒரு மூலை முடிந்துவிடக்கூடாதென்று அவள் கூடையில் கல்லைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு கைப்பிடியளவு கல்லோடு மூன்று கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வேறு ஊர் சபையார் விருந்துக்கு வருவதாகத் தகவல் வந்தது. லேவாசா என்னைக் கூப்பிட்டார்.

"அரைகுறைத் தரையில எப்படிடா உக்கார வைக்கறது? அந்த மூலையை முடிச்சிடு. பாவம், உங்க அண்ணியும் ஆறு மாசமா சுமக்கறா. எனக்கே மனசு கேக்கல. சபை குடுத்த தண்டனையைச் சபையே முடிக்குது, போ."

பாவம் என்று அவர் சொன்னதும் என் புத்தி மழுங்கிவிட்டது. அண்ணிக்கு நல்லது செய்யப்போகிறோம் என்ற நினைப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம், பஸ் காலியாக இருந்த நேரம், அவள் போகும் ஆற்று முகம் வரைக்கும்கூடப் போகாமல், பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு போடக் கொட்டியிருந்த குவியலிலிருந்து பன்னிரண்டு சாக்கு கல் அள்ளிவந்து அந்த மூலையை நிரப்பிவிட்டேன். பெருமையாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன். லேவாசாவும் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

அப்போது அண்ணி கூடையோடு வந்தாள்.

தரையைப் பார்த்தாள். என் பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸின் பின்படியில் சிந்தியிருந்த கல்லைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

"யாரு போட்டது?"

"நான்தான் அண்ணி. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு…"

"உங்க அண்ணனுக்கும் இப்படித்தான் செஞ்சே. கடைக்கு நடந்து போறேன்னார். கஷ்டமா இருக்குமேன்னு பஸ்ஸுல ஏத்தினே. தோட்டத்துக்குப் போறேன்னார், ஏத்தினே. கடைசி கடைசியா அவர் கேட்டார், கக்கூஸுக்காவது நானே போறேனேன்னு. அதுக்கும் தூக்கினே."

 அது உண்மை. ஒரு வார்த்தை குறையாமல் உண்மை. எனக்கு அவள்மேல்கூடக் கோபம் வந்தது, இத்தனை வருஷம் இதை மனசில் வைத்திருந்தாளே என்று. அதைவிட என்மேல் வந்தது.

அண்ணி கூடையிலிருந்த கல்லைத் தரையில் கொட்டினாள். தண்டனை முடிந்தது. லேவாசா தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. தண்டனையின் முதல் நாளில் பரப்பிய கல் இருந்த ஓரத்துக்குப் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக் கூடையை நிரப்பினாள். நிரப்பிக்கொண்டு, தூணைப் பிடிக்காமல் எழுந்தாள்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போறே?" லேவாசா பதறினார்.

"ஆத்துக்கு. ஆறு மாசமா உக்காந்து உக்காந்து அழுக்காக்கி வெச்சிருக்கீங்க. கழுவிக் கொண்டாரணும். இந்த மூலை முடிஞ்சா அடுத்த மூலை. அதுக்குள்ள இது அழுக்காயிடும்."

"தண்டனை முடிஞ்சிடுச்சும்மா!"

"யாரு சொன்னா? யாரு கையும் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பட்டிருக்கு. சபை பேச்சைச் சபையே மீறியிருக்கு. முடியல இன்னும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவன் போட்டிருக்கற கல்லைப் பாருங்க, முனை முனையா இருக்கு. விருந்தாளி உக்காந்தா குத்தும். டேய், இதையெல்லாம் எங்கேருந்து எடுத்தியோ அங்க கொண்டுபோய்க் கொட்டு. பஸ்ஸுல இல்ல. கையில."

லேவாசா என்னைப் பார்த்தார். நான் லேவாசாவைப் பார்த்தேன். அவர்தான் செய்யச் சொன்னார் என்று சொல்லப்போனேன். அவர் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெரிய மனுஷன்!

எனக்கு ஐம்பத்தேழு வயசு. பஸ் படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். ரத்தம் சோதித்துப் பார்த்ததே கிடையாது, பார்க்கப் பயம். இருந்தாலும் அவ்வளவு கோபம் எனக்கு. நடந்து காட்டுகிறேன் பார் என்று ஒரு கூடையை வெடுக்கென்று எடுத்து, அந்த முனைக் கற்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் கிளம்பினேன். பஸ் சாவியோடு அங்கேயே நின்றது.

நூறு அடியில் வியர்த்துக் கொட்டியது. இருநூறு அடியில் காலில் சதை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிறவள் திரும்பியே பார்க்கவில்லை. பச்சைக் காலணி மட்டும் தெரிந்தது, பின்பக்கம் தேய்ந்து போய். என் அண்ணனுக்கு வந்த காலணி. இதைப் பார்த்துத்தானே அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ஈவாவின் வீடு வந்தது. நான் தள்ளாடுவதைப் பார்த்து அவள் ஓடி வந்தாள்.

"ஐயோ இயோனா, என்னாச்சு? கூடையைக் கீழ வை. வா, வந்து உக்காரு. ஒரு வாய் கோக்கோ குடி, சூடா இருக்கு."

நான் திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு காலை அவள் வாசல் பக்கம் எடுத்தே வைத்துவிட்டேன்.

முன்னால் போன அண்ணி நின்றாள். இடுப்புக் கூடையோடு திரும்பி, கடலுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஈவா! அவனைக் கூப்பிடாதே. அவன் தண்டனையில இருக்கான்!"

ஈவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வீட்டில் திருப்பிக்கொண்டார்கள். அதற்கடுத்த வீட்டிலும். என் அண்ணனுக்காக இப்படிக் கத்த ஊரில் ஒருவரும் இருக்கவில்லை, நான் உட்பட. எனக்குக் கண்ணைக் கரித்தது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டு, கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.